யசோதையின் தளர்ச்சி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தமிழில் தாய்மை' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தாய்மையைப் போற்றிய பாடல்களை இந்த அவையில் அடுக்கிக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனவே, அத்தலைப்பின் பேசப்படாத ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். ஓரிடத்தில் நில்லாத பிள்ளை, சொல் கேளாத பிள்ளை, கையில் அகப்பட்டதை வீசும் பிள்ளை, காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அலறும் பிள்ளை என்று நம் வீடுகளில் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பெற்றவர்களின் களைப்பே இன்று என் பேச்சின் பொருள். அக்களைப்புக்குத் தமிழ் என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யக்கூடும் என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா.

பாட்டியல் வகுத்த பருவங்கள்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் ஈறாக, ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவம் எனப் பாட்டியல் நூலார் கணக்கிட்டனர். செங்கீரையில் குழந்தை தலை நிமிர்த்தி ஆட வேண்டும். சப்பாணியில் கை கொட்ட வேண்டும். வாரானையில் அழைத்த குரலுக்குத் தளர்நடையிட்டு வர வேண்டும். அம்புலியில் தாய் சுட்டிய விரலின் வழியே நிலவை நோக்க வேண்டும். இன்று குழந்தை மருத்துவர் கையில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையும் ஏறத்தாழ இவற்றையே கேட்கிறது. தலை நின்றதா? கை தட்டுகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? சுட்டிய பொருளைப் பார்க்கிறதா? இவற்றுள் பின்னிரண்டும் நிகழாமையை ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளுள் முதன்மையானவையாக மருத்துவர் கொள்கின்றனர். நம் முன்னோரின் கூர்நோக்கு வியப்புக்குரியது.

ஆனால், 'வருக' என்று அழைத்தும் வாராத பிள்ளைக்குப் பிள்ளைத்தமிழில் பருவம் இல்லை. தெய்வங்களையும் மன்னர்களையும் குருமார்களையும் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட இலக்கியத்தில் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. வள்ளுவர் மக்கட்பேற்றைப் பாடும்போதும், பிள்ளையின் தீண்டல், மழலை, சிறுகை துழாவிய கூழ், சான்றோன் எனக் கேட்ட தாயின் உவகை என இன்பங்களையே நிரல்படுத்துகிறார். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பியும், உடம்பெல்லாம் சோற்றைச் சிதறிக்கொள்ளும் பிள்ளையைச் செல்வத்தினும் மேலாகக் காண்கிறான். அந்தச் சிதறல் இரண்டு வயதில் இன்பம். பத்து வயதிலும் நாள்தோறும் தட்டு சுவரில் மோதி விழுமாயின், துடைப்பவளின் நெஞ்சில் எழுவது என்ன? அதைப் பாடிய புலவரைத் தேடிச் சென்றால் ஒரே ஓர் இடத்தில் வியப்பான விடை கிடைக்கிறது.

ஆழ்வார் கேட்ட குரல்

பெரியாழ்வார் திருமொழியின் முதல் பத்தில், முதல் திருமொழியிலேயே அக்குரல் ஒலிக்கிறது. பிள்ளை பிறந்த கொண்டாட்டத்தை விரித்துப் பாடிவரும் பதிகத்தின் இறுதிப் பகுதியில் ஒரு தாய் தன் தோழமைப் பெண்ணொருத்தியிடம் முறையிடுகிறாள். படுக்க வைத்தால் தொட்டில் தாங்கவில்லை; தூக்கினால் என் இடுப்பு தாங்கவில்லை; தழுவினால் வயிற்றின்மேல் குதிக்கிறது; ஈடுகொடுக்க உடம்பில் வலுவின்றித் தேய்ந்துபோனேன் என்பது அவள் கூற்றின் சாரம். உரையாசிரியர்கள் இதற்குப் பத்தி நோக்கில் விளக்கம் தருவர். அது அவர்கள் நெறி. அன்னையின் உடல் தளர்ச்சியை அன்னையின் வாய்மொழியாகவே பாட்டில் வைத்த கவித் துணிவே என் கருத்தைக் கவர்வது. தெய்வக் குழந்தையைப் பெற்றவளும் களைத்தாள். களைத்தேன் என்று சொன்னாள். அதைக் கேட்க அருகில் ஒருத்தி இருந்தாள். இம்மூன்றையும் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

இரண்டாம் பத்தில் அயலகத்து மகளிர் ஒருவர்பின் ஒருவராக யசோதையிடம் வந்து பிள்ளையின் மேல் குற்றம் சாற்றுகின்றனர். வெண்ணெய் போயிற்று, பாத்திரம் உடைந்தது எனப் பட்டியல் நீள்கிறது. ஆயினும் அவர்கள் வேண்டுவதெல்லாம், உன் மகனை உன்னிடம் அழைத்துக்கொள் என்பதே. ஆய்ப்பாடியைவிட்டு வெளியேறு என்று ஒருத்தியும் கூறவில்லை. இன்று சில பள்ளிகளின் நிலை வேறு. 'வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்' என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பிய பெற்றோர் பலரை நான் அறிவேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்றும், உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தலாகாது என்றும் விதித்துள்ளது. சட்டம் வாயிலை அடைக்கக்கூடாது என்கிறது; வாயிலில் நிற்பவளின் நாணத்தைப் போக்கச் சட்டத்தால் இயலவில்லை. "பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்தாலே, எடுக்கறதுக்கு முந்தியே கை நடுங்குதுங்க" என்று ஒரு தாய் என்னிடம் கூறினார். அந்த நடுக்கத்தை எந்த அளவுகோலில் அளப்பது?

பழி யார்மேல்?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நம் பழமொழி. 1888இல் முதல் நூற்பாலையைக் கண்ட இக்கோவை மாநகரில் இதைச் சொல்வோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நூல் ஒன்றே சேலையை ஆக்கிவிடுமா? பாவில் ஏற்றிய கஞ்சியின் பதம், தறியில் நூலுக்குக் கொடுக்கும் இழுவிசை, கூடத்துக் காற்றின் ஈரம் ஆகிய இத்தனையும் கூடியே சேலை அமைகிறது என்பதைத் தறிக்காரர் அறிவர். காற்று உலர்ந்தால் நல்ல நூலும் அறும். பிள்ளையின் நடத்தையும் அவ்வாறே. பிறவியில் அமைந்த இயல்பு, மூளை வளர்ச்சியின் போக்கு, உறக்கம், செவித்திறன், கற்றல் இடர்ப்பாடு, வீட்டின் சூழல், பள்ளியின் சூழல் என இழைகள் பல.

பழியைத் தாயின் தலையில் ஏற்றும் பிழை நமக்கு மட்டும் உரியதன்று. 1943இல் லியோ கேனர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தை முதன்முதலாக விரித்துரைத்தார். அதனைத் தொடர்ந்து, அன்பற்ற தாயரின் குளிர்ந்த மனமே இதற்குக் காரணம் என்னும் கருத்து மேலை நாடுகளில் பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதனை ஊரறியச் செய்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1964இல், பெர்னார்டு ரிம்லேண்டு என்னும் உளவியலாளர் அது உடற்கூறு சார்ந்தது என்று சான்றுகளுடன் மறுத்து எழுதியிருந்தார். அவரே அத்தகைய மகனைப் பெற்ற தந்தை. பின்வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை அன்னையர் 'நானே என் பிள்ளையைக் கெடுத்தேன்' என்று நொந்திருப்பர்!

இவ்வகையில் கொங்கு நாட்டு மக்கள் நுண்ணுணர்வு உடையவர்கள் என்பேன். உடுக்கையடித்து இரவெல்லாம் பாடப்படும் அண்ணன்மார் கதையில், தாமரை நாச்சியார் பெற்ற இருவருள் பொன்னர் பொறுமையின் வடிவம். சங்கர் சினத்தின் வடிவம். ஒன்றாக வளர்ந்தும் இருவேறு இயல்பினர். தாமரையின் வளர்ப்பு சரியில்லை என்று எந்தப் பூசாரியும் பாடக் கேட்டதில்லை. இருவருக்கும் ஒரே கோயிலில்தான் பொங்கல் வைக்கிறோம். கதையில் உள்ள இந்தப் பெருந்தன்மை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது நம் நாவில் இருப்பதில்லை.

கோவைக் கணக்கு

இது ஓரிரு வீட்டுத் துன்பம் என்று எண்ணலாகாது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள 770 பிள்ளைகளிடம் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2013இல் இந்திய உளமருத்துவ இதழில் வெளிவந்தது. ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பிய மதிப்பீட்டுத் தாள்களின் அடிப்படையில், கவனக் குறைவு மிகையியக்கக் கோளாறு 11.32 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. மருத்துவர் இதனை ஏ.டி.எச்.டி. என்பர். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பறையில் நால்வர் அல்லது ஐவர் என்று கொள்ளலாம். அவர்களுள் மூன்றில் இருவர் ஆண் பிள்ளைகள். மதிப்பீட்டுத் தாள் முழுமையான மருத்துவ முடிவு ஆகாது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

அவ்வாய்வின் இன்னொரு செய்தி என்னை ஆழமாகத் தைத்தது. நடுத்தரப் பொருளாதாரக் குடும்பங்களில் 6.84 விழுக்காடாக இருந்த அளவு, தாழ்ந்த பொருளாதார நிலையில் 16.33 விழுக்காடாக இருந்தது. இரவுப் பணி முடித்த தந்தை பகலில் உறங்க வேண்டிய ஒற்றை அறை வீட்டை எண்ணிப் பாருங்கள். ஓடுவதற்கென்றே பிறந்த பிள்ளை அங்கு மூச்சடக்கி இருக்க வேண்டும். தோட்டத்துச் சாளையில் வளர்ந்த நாளில் அதே பிள்ளை ஆட்டுக்குட்டியின் பின் ஓடிக் களைத்து, பொழுது சாய்ந்ததும் உறங்கியிருக்கும். அன்றும் அடி இருந்தது, திறந்த கிணறு இருந்தது. பழமையை நான் பொன்னாக்கவில்லை. ஒரே இயல்பு ஓரிடத்தில் துடுக்கு எனப்படுகிறது, வேறோரிடத்தில் கோளாறாகிறது என்பதையே சுட்டுகிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. மிகையியக்கக் கோளாறு பட்டியலில் இல்லை. எனவே, இப்பிள்ளைகளின் பெற்றோர் கையில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இல்லை. பார்வைக்கு நலமாக இருக்கும் பிள்ளை. ஆகவே ஊர் பெற்றோரைக் குறை சொல்கிறது.

சுமை ஏறும் வழி

பெற்றோரும் பிள்ளையும் தம்மை அறியாமலே ஒருவருக்கொருவர் தீய பாடம் கற்பிக்கின்றனர் என்பதை ஜெரால்டு பேட்டர்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் நெடுநாள் வீடுகளில் நோக்கி 1982இல் நூலாக்கினார். நம் ஊர் மளிகைக் கடையில் வைத்து அதனை விளக்கலாம். பிள்ளை மிட்டாய் கேட்கிறது, தாய் மறுக்கிறாள், பிள்ளை அலறித் தரையில் புரள்கிறது, கூட்டம் பார்க்கிறது, தாய் வாங்கித் தருகிறாள். அலறல் நின்றது. அலறினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றது. கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாய் கற்றாள். மறுநாள் அலறல் இன்னும் உயரும். வேறொரு வீட்டில் தந்தை கை ஓங்குகிறார், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்று தந்தை கற்றார். வலியவன் அடிக்கலாம் என்று பிள்ளை கற்றது. 'அடியாத மாடு படியாது' என்போர் இந்த இரண்டாம் பாடத்தைக் காண்பதில்லை. இவ்விரு வீடுகளிலும் கொடியவர் எவரும் இல்லை. களைப்பே அங்கு ஆசிரியராக அமர்ந்து பாடம் நடத்துகிறது. ஆகவே, பெற்றோரின் களைப்பைப் போக்குதல் பிள்ளைக்குச் செய்யும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

தாங்கும் வழி

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நிலங்களை நான்கு மண்டலங்களாக வகுத்து முறை வைத்து நீர் விடுவதை உழவர் அறிவர். இருக்கும் நீரை எல்லா நிலத்துக்கும் எப்போதும் விட்டால் கடைமடை காயும். பொறுமையும் அளவான நீரே. தாய், தந்தை, பாட்டி, சித்தப்பா என முறை வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒருவர் நெஞ்சும் வறண்டுவிடுவதில்லை. நாளில் ஒரு மணி நேரம் அன்னைக்கு விடுப்பு என்பது ஆடம்பரமன்று.

பிள்ளையிடம் கட்டளைகளைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அருகில் சென்று, சுருங்கச் சொல்லுதல். உணவு, உறக்கம், ஆட்டம் ஆகியவற்றுக்கு மாறாத ஒழுங்கு அமைத்தல். சிறு குறும்பைக் காணாததுபோல் விடுதல். நல்லது செய்த அந்தக் கணத்திலேயே இன்னது நன்றாகச் செய்தாய் என்று பெயர் சுட்டிப் பாராட்டுதல். மறுத்ததைக் கூச்சலுக்கு அஞ்சிக் கொடாமை. இவையே பெற்றோர் பயிற்சிகளின் சாரம். செவித்திறனையும் கற்றல் திறனையும் வலிப்பு உண்டா என்பதையும் மருத்துவரிடம் சோதித்தல் வேண்டும். மருந்து தேவை என அவர் கூறின் அஞ்ச வேண்டியதில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதால் மனம் ஆறுமெனில் கட்டுக. அதன்பொருட்டு மருத்துவரிடம் செல்லும் நாளைத் தள்ள வேண்டா. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளைச் சோதித்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. அது பலருக்குத் தெரியவில்லை.

வேலூர் தந்த பாடம்

மனநோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து மதிலுக்குள் அடைப்பதே வழக்கமாக இருந்த 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர் உறவினர்களைக் கூடாரம் அமைத்து நோயாளியுடன் தங்கச் செய்தார். 1957இல் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் அம்மையார் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைத் தொடங்கினார். குடும்பத்தாரும் உடன் தங்குதல் அங்கும் நெறியாயிற்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகின்றனர்.

அங்கு நிகழ்ந்த ஓர் ஆய்வு 1999இல் பிரிட்டன் உளமருத்துவ இதழில் வெளிவந்தது. அறிவுசார் குறைபாடுள்ள 57 பிள்ளைகளின் பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு பத்து வாரம் விரிவுரை கேட்டது. மற்றொரு குழுவினர் பத்து வாரம் வட்டமாக அமர்ந்து தம் அனுபவத்தைத் தாமே பேசி, ஒருவரிடம் ஒருவர் கற்றனர். பேசிய குழுவினரிடமே பிள்ளை வளர்ப்பைப் பற்றிய அணுகுமுறையும், குறைபாட்டைப் பற்றிய அறிவும், பிள்ளையைக் கையாளும் மனப்பாங்கும் தெளிவாக மேம்பட்டன. குறைபாட்டைக் குறித்த அவர்தம் மனநிலை மட்டும் மாறவில்லை. அந்த ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். துயரம் கரைந்துவிடவில்லை, துயரத்தோடு வாழும் கைகள் தேர்ச்சி பெற்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான ஆய்வாயினும் விரிவுரையாளராகிய எனக்கு அதில் ஒரு குட்டும் உண்டு. பத்து விரிவுரையினும் ஒரு வட்டம் பெரிது.

நல்லதங்காள் கதையை நாம் வறுமையின் கதை என்கிறோம். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளுக்கு மூளி அலங்காரி கதவடைத்தாள். வறுமை அவளை அண்ணன் வாயில் வரைதான் கொண்டுவந்தது. கிணற்றுக்கு அனுப்பியது அடைத்த கதவு. இன்றும் தாளாத நெஞ்சோடு ஒரு கதவைத் தேடுவோர் உண்டு. 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் என்னும் அரசு உதவி எண் 14416 இரவும் பகலும் தமிழில் செவி கொடுக்கிறது. அதனைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறருக்கும் சொல்லுங்கள். ஆயினும் தொலைபேசிக்கு முன்னே அண்டை வீட்டுக் கதவு இருக்கிறது.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கவிஞர் பெருமக்களே, இப்பிள்ளைகளைத் 'தெய்வக் குழந்தை' என்று பாடாதீர்கள். தெய்வத்துக்குப் பள்ளி வேண்டா, விளையாட்டுத் தோழர் வேண்டா, பிள்ளைக்கு வேண்டும். அன்னையைத் 'தியாகச் சுடர்' என்றும் பாடாதீர்கள். சுடர் என்று புகழ்ந்தபின், எரிவது சுடுகிறது என்று அவள் எப்படிச் சொல்வாள்? தந்தையை மறவாதீர்கள்; ஊர்த் திருமணத்துக்குத் தனியே வந்து, 'பையனுக்குக் காய்ச்சல்' என்று சொல்லிவிட்டுப் பந்தியில் தலைகுனிந்து உண்ணும் அவருக்கும் ஒரு பாட்டு உண்டு. அண்ணனின் அலறலுக்கிடையே ஓசையின்றி வீட்டுப்பாடம் எழுதும் தங்கைக்கும் உண்டு. களைத்த தாயின் சொல்லை ஆழ்வார் போல் அவள் வாய்மொழியாகவே வாங்கி எழுதுங்கள்.

இரண்டாவது விண்ணப்பம் இவ்வட்டத்துக்கு. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சியை இங்குள்ளோர் பெற்றிருக்கின்றனர். பிறர் சொல்லைத் தீர்ப்பு வழங்காமல் கேட்பது அரிய கலை. அது இந்த அறையில் உண்டு. அடுத்த ஆண்டு முதல் திங்களுக்கு ஒரு ஞாயிறு பிற்பகல் இவ்வறையை இத்தகைய பெற்றோருக்குத் திறந்துவிடுவோம். மேடை வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா, தலைமையுரை வேண்டவே வேண்டா. பிள்ளைகள் ஓடுவதற்கு முற்றம் இருக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் கல்லூரி மாணவியர் சிலரை அழைத்துவர நான் ஒப்புக்கொள்கிறேன். நாற்காலிகள் உடையக்கூடும். செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி எழுதுமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.